ஓ.பி. வரிசையில் என் மகனோடு மூன்று வருடங்கள்

என் தையல் கடைக்கு வருகிறவர்களில் சிலர், பிளவுஸ் அளவு கொடுத்துவிட்டு வாசல்வரை போய்த் திரும்பி வருவார்கள். "அக்கா, ஒண்ணு கேக்கலாமா? தப்பா நினைக்காதீங்க" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆரம்பிப்பார்கள். என்ன கேட்கப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். வம்புக்குக் கேட்கிறவர்கள், "எப்படிக்கா ஒத்துக்கிட்டீங்க?" என்பார்கள். இவர்கள் அப்படிக் கேட்பதில்லை. "எந்த ஆஸ்பத்திரிக்குப் போனீங்க? எவ்வளவு செலவாச்சு? யார் கையெழுத்துப் போடணும்?" என்பார்கள். வீட்டில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு தவிக்கிறவர்கள்தான் இப்படிக் கேட்பார்கள். இந்த வருடம் மட்டும் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் கிசுகிசுத்ததை இங்கே மொத்தமாக எழுதுகிறேன்.

என் சின்னவன் திருநம்பி. பிறந்தபோது பெண் குழந்தை என்று எழுதிக் கொடுக்கப்பட்டு, தன்னை ஆணாக உணர்ந்து, ஆணாகவே வாழ்கிறவன். திருநங்கை என்றால் எல்லோருக்கும் புரிகிறது. திருநம்பி என்றால் இன்னும் பாதிப் பேர் "அப்படின்னா?" என்கிறார்கள். அவனுடைய பழைய பெயரையும் புதுப் பெயரையும் இங்கே எழுதவில்லை. பழையது அவனுக்கு வேண்டாம். புதியதை யாரிடம் சொல்வது என்பதை அவன்தான் முடிவுசெய்ய வேண்டும். எழுதலாமா என்று கேட்டேன். "ஆஸ்பத்திரி பேரு, ஊர் பேரு வேண்டாம்மா. மத்ததெல்லாம் எழுது" என்றான்.

2021 லாக்டவுனில்தான் எங்களிடம் சொன்னான். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வீட்டில் இருந்தான், 20 வயது. நானும் அவனும் மொத்த ஆர்டருக்கு மாஸ்க் தைத்துக்கொண்டிருந்தோம். மிஷினை நிறுத்தாமலேயே சொன்னான். அவன் எட்டாவது படிக்கும்போதிலிருந்து தீபாவளிக்கு அவனுக்குச் சட்டைதான் தைத்துக் கொடுத்திருக்கிறேன். அதனால் அவன் சொன்னது எனக்கு இடி மாதிரி விழவில்லை. ஆனால் "இதுக்கு ஆஸ்பத்திரி இருக்கு, சிகிச்சை இருக்கு, எனக்கு அது வேணும்" என்று அடுத்ததாகச் சொன்னானே, அதுதான் வயிற்றைப் பிசைந்தது.

என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அதிகம் பேசாத மனிதர். மூன்று நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. நாலாம் நாள் காலை வண்டியைத் துடைத்துக்கொண்டே, "டாக்டர்கிட்டக் கூட்டிப்போய்க் கேட்போமா?" என்றார்.

முதலில் போனது ஒரு தனியார் மருத்துவரிடம். அரைமணி நேரம் பேசிவிட்டு, "ஆறு மாசம் மாத்திரை, வாரம் ஒரு கவுன்சலிங். சரி பண்ணிடலாம். அப்புறம் ஒரு கல்யாணம் பண்ணி வெச்சிருங்க" என்றார். என் பிள்ளை அந்த அறையில் வாயே திறக்கவில்லை. திரும்பும் வழியில் பஸ்ஸில், "அம்மா, என்னை இங்க இன்னொரு தடவை வரச் சொல்லாத" என்றான். சொல்லவில்லை.

இதைத் தெரிந்துகொள்ளுங்கள். இப்படி 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று மருத்துவம் செய்யக் கூடாது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவு அதைத் தடை செய்தது. அடுத்த வருடம் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. யாராவது உங்கள் பிள்ளையைச் 'சரிபண்ணித் தருகிறேன்' என்றால் எழுந்து வந்துவிடலாம்.

அரசு ஆஸ்பத்திரி யோசனை அவனுடையதுதான். அவனுக்குத் தெரிந்த ஒரு பையன் மெடிக்கல் ஷாப்பில் ஊசி வாங்கித் தானே போட்டுக்கொள்கிறானாம். "எனக்கு அப்படி வேண்டாம்மா. டெஸ்ட் எடுத்து, டாக்டர் சொல்லிப் போட்டுக்கறேன்" என்றான். தனியாரில் மொத்தச் செலவும் லட்சக்கணக்கில் வரும். எங்களிடம் ஆட்டோ கடன்தான் இருந்தது. தமிழ்நாட்டில் 2008-லேயே திருநங்கைகளுக்கு நல வாரியம் வந்துவிட்டது. நாட்டிலேயே முதலாவது அதுதான். அரசு மருத்துவமனையில் இலவச அறுவை சிகிச்சை என்பதும் திருநங்கைகள் வருடக்கணக்கில் நடந்து, கேட்டு, வாங்கிய வசதி. அவர்கள் போட்ட பாதையில்தான் என் மகனும் போனான். 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் ஹார்மோன் சிகிச்சை, அறுவை சிகிச்சை, அதற்கு முன்னும் பின்னும் ஆலோசனை ஆகியவற்றை அரசு தர வேண்டும் என்கிறது.

பென்சிலில் எழுதிய பெயர்

எங்கள் ஊரிலிருந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இரண்டு பஸ். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால்தான் ஓ.பி. சீட்டு வரிசையில் முன்னால் நிற்கலாம். முதல் நாளே முதல் சிக்கல். ஆண்கள் வரிசை ஒன்று, பெண்கள் வரிசை ஒன்று. இவன் எதில் நிற்பது? ஆண்கள் வரிசையில் நின்றால் கவுன்டரில் ஆதாரைப் பார்த்துவிட்டு நாலு பேர் கேட்கிற மாதிரி விசாரிப்பார்கள். பெண்கள் வரிசையில் நின்றால் அங்கிருக்கிற பெண்கள் முறைப்பார்கள். "நீ அந்த வேப்பமரத்தடியில நில்லு" என்று சொல்லிவிட்டு, அவன் ஆதாரை எடுத்துக்கொண்டு நானே நின்றேன். அதற்குப் பிறகு ஒரு வருடம்வரை சீட்டு வாங்கியது நான்தான்.

சீட்டில் பழைய பெயர், பக்கத்தில் 'பெண்'. இந்தச் சிகிச்சை மனநலப் பிரிவில்தான் ஆரம்பிக்கிறது. அங்கே வராந்தாவில் ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருப்பார்கள். சிஸ்டர் வாசலில் நின்று பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார். அந்தப் பெயரைக் கேட்டதும் தாடி வைக்க ஆசைப்படுகிற, கிராப் வெட்டிய என் பிள்ளை எழுந்து நடக்க வேண்டும். முதல் தடவை அவன் எழுந்திருக்கவே இல்லை. மூன்று முறை கூப்பிட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்கள்.

அவனே எழுந்து போய், "சிஸ்டர், பேரு கூப்பிடாம நம்பர் மட்டும் சொல்வீங்களா?" என்று கேட்டான். அந்த சிஸ்டருக்கு ஓய்வுபெறும் வயது இருக்கும். அவனை ஏற இறங்கப் பார்த்தார். "உன்னை எப்படிக் கூப்பிடணும்?" என்றார். சொன்னான். கேஸ் ஷீட்டின் மேல் ஓரத்தில் பென்சிலால் அந்தப் பெயரை எழுதினார். மை பேனாவில் எழுத அவருக்கு அதிகாரமில்லை, பென்சிலில் எழுதலாம். அன்றிலிருந்து அந்தப் பிரிவில் பென்சில் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். ரத்தப் பரிசோதனைக்கூடத்திலும் மருந்து கவுன்டரிலும் பழைய பெயர்தான். அங்கெல்லாம் நான் எழுந்துபோய் வாங்கிக்கொள்வேன்.

மூன்று மாதத்தில் நாலு முறை வரச் சொன்னார்கள். முதலில் படிக்கிற டாக்டர்கள் பேசுவார்கள், பிறகு பெரிய டாக்டர். எப்போதிலிருந்து இப்படித் தோன்றுகிறது, பள்ளிக்கூடத்தில் எப்படி இருந்தான், தூக்கம் எப்படி, சாக வேண்டும் என்று தோன்றியதுண்டா என்றெல்லாம் அவனிடம் தனியாகக் கேட்டார்கள். என்னிடமும் தனியாகப் பேசினார்கள்.

"இது மனநோயா டாக்டர்?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. உலக சுகாதார நிறுவனத்தோட நோய் வகைப்பாட்டுல, மனநோய்ப் பட்டியல்லருந்து இதை எடுத்துட்டாங்க. 2022 ஜனவரியிலருந்து அந்தப் புதுப் பட்டியல்தான் நடைமுறை. வேற மன அழுத்தம் ஏதாவது இருக்கா, எடுக்கிற முடிவைப் புரிஞ்சு எடுக்கிறாரா, அதைத்தான் நாங்க பார்க்கிறோம்" என்றார் பெரிய டாக்டர். 'எடுக்கிறாரா' என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

கடைசி வருகையில் சான்றிதழ் தயாரானது. பேனாவை எடுத்துக்கொண்டு, "நான் எங்க கையெழுத்துப் போடணும்?" என்றேன். "நீங்க போட வேண்டாம்மா. அவருக்கு 18 முடிஞ்சிருச்சு. அவர் போட்டாப் போதும்" என்றார்கள். தடுப்பூசி அட்டையிலிருந்து ஸ்காலர்ஷிப் பாரம்வரை அவனுக்காக நான் கையெழுத்துப் போடாத காகிதம் கிடையாது. இவ்வளவு பெரிய விஷயத்தில் என் கையெழுத்துக்கு இடமில்லை. பேனாவைப் பையில் வைத்துவிட்டு வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். கண் கலங்கியது. கோபமா, வருத்தமா என்று சொல்லத் தெரியவில்லை.

அந்த சிஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார். "தனியா வர்ற பிள்ளைங்க ரெண்டு தடவை வந்துட்டு நின்னுடுதுங்கம்மா. எங்க போச்சோ, என்ன ஊசி போட்டுக்குதோ, தெரியாது. நீங்க வர்றீங்க பாருங்க, அதனாலதான் இவன் கரெக்டா வர்றான்" என்றார். என் வேலை கையெழுத்துப் போடுவது இல்லை, கூட உட்கார்ந்திருப்பது என்று அன்றைக்குப் புரிந்தது.

ஊசியும் ரத்தப் பரிசோதனையும்

அடுத்து நாளமில்லாச் சுரப்பிப் பிரிவு. வாரத்தில் ஒரு நாள்தான் ஓ.பி. சுகர், தைராய்டு நோயாளிகளுக்கு நடுவே உட்கார வேண்டும். ஊசி போடுவதற்கு முன்பே ஹீமோகுளோபின், கல்லீரல், கொழுப்பு, சர்க்கரை, ஹார்மோன் அளவு எல்லாம் பார்த்தார்கள். வயிற்று ஸ்கேனும் எடுத்தார்கள். எல்லாம் இலவசம். ஆனால் ஒரே நாளில் நடக்காது. இன்று ரத்தம் கொடுத்தால் அடுத்த வாரம் ரிசல்ட், ஸ்கேனுக்கு வேறொரு தேதி. அலைச்சல்தான். பசித்தால் பக்கத்தில் அம்மா உணவகம். ஒரு ரூபாய் இட்லியில் எங்கள் காலைச் சாப்பாடு பத்து ரூபாயைத் தாண்டாது.

அங்கிருந்த பெண் மருத்துவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார். ஒரு பக்கம், ஊசியை நிறுத்தினால் பழையபடி ஆகிவிடுபவை. மறுபக்கம், நிறுத்தினாலும் திரும்பாதவை. மாதவிலக்கு நிற்பது, உடம்பில் சதை இடம் மாறுவது எல்லாம் முதல் பக்கம். குரல் கனப்பது, மீசை தாடி வளர்வது எல்லாம் இரண்டாம் பக்கம். "குரல் ஒருதடவை உடைஞ்சா உடைஞ்சதுதான். யோசிச்சுக்கோங்க" என்றார். முகப்பரு வரலாம், மண்டையில் முடி கொட்டலாம், ரத்தம் கெட்டியாகலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். முழு மாற்றம் தெரிய இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும், அவசரப்பட்டு டோஸைக் கூட்டினால் வேகமாக நடக்காது, கெடுதல்தான் வரும் என்றார்.

பிறகு குழந்தை பற்றிப் பேசினார். பிற்காலத்தில் சொந்தக் குழந்தை வேண்டுமென்றால் கருமுட்டையை முன்னாலேயே எடுத்துப் பாதுகாக்கலாம், அந்த வசதி இங்கே இல்லை, வெளியே செலவாகும் என்றார். "எனக்கு வேண்டாம் டாக்டர்" என்றான் இவன், யோசிக்காமல். "இப்பவே சொல்ல வேண்டாம். அடுத்த வாரம் வந்து சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார். அந்த ஒரு வாரம் நான் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. அடுத்த வாரமும் அதே பதிலைத்தான் சொன்னான்.

2022 ஆகஸ்ட்டில் முதல் ஊசி. டெஸ்டோஸ்டிரோன் எண்ணெய் மாதிரி கெட்டியான மருந்து, இடுப்புக்குக் கீழே சதையில் மெதுவாக ஏற்ற வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒன்று. முதல் சில ஊசிகள் அங்கேயே போட்டோம். பிறகு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள், எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொண்டான். இரண்டு முறை ஸ்டாக் இல்லை என்று வெளியே வாங்கச் சொன்னார்கள். சில நூறு ரூபாய் ஆனது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாம் மாதம் தொண்டை கட்டியது மாதிரி பேசினான். நாலாம் மாதம் மாதவிலக்கு நின்றது. ஆறாம் மாதம் போனில் என் மூத்த மகள், "அப்பா, அம்மாகிட்டக் குடுங்க" என்றாள். பேசியது தம்பி!

பஸ்ஸில் நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆரம்பத்தில் கண்டக்டர் எங்கள் இருவருக்கும் சேர்த்து இலவச டிக்கெட் இரண்டு கிழித்துக் கொடுப்பார். இவன் அதை வாங்கி, பார்க்காமலேயே பாக்கெட்டில் திணித்துக்கொள்வான். ஒருநாள் கண்டக்டர் எனக்கு மட்டும் கிழித்துக் கொடுத்துவிட்டு, "தம்பி, நீ எங்க போகணும்? காசு எடு" என்றார். இவன் இருபது ரூபாயை நீட்டினான். வீட்டுக்கு வந்து அந்த டிக்கெட்டை அப்பாவிடம் காட்டினான். "காசு குடுத்ததுக்கா இவ்வளவு சந்தோஷம்?" என்றார் அவர்.

ஒரு வருடம் ஆனபோது ரத்தப் பரிசோதனையில் ஒரு விஷயம் தெரிந்தது. ஹிமட்டோகிரிட் என்று ஒரு கணக்கு, ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு. 54 சதவீதத்தைத் தாண்டக் கூடாதாம். இவனுக்கு 53. தாண்டினால் ரத்தம் உறைந்து கட்டியாகிற ஆபத்து அதிகம். டாக்டர் ஊசியை மூன்று வாரத்துக்கு ஒன்றாக மாற்றினார். தண்ணீர் நிறையக் குடி, சிகரெட் பக்கம் போகாதே என்றார். இரண்டு மாதத்தில் 48-க்கு வந்துவிட்டது. அவன் உடம்பில் எந்த அறிகுறியும் இல்லை. தலைவலிகூட இல்லை. ரத்தப் பரிசோதனை செய்யாமல் இருந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. மெடிக்கல் ஷாப்பில் ஊசி வாங்கித் தானே போட்டுக்கொள்கிற பிள்ளைகளை நினைத்து அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காகிதங்கள்

சிகிச்சை ஒரு பக்கம், காகிதம் ஒரு பக்கம். 2019 சட்டப்படி கலெக்டர் கொடுக்கிற அடையாளச் சான்றிதழ்தான் முதல் படி. மத்திய அரசின் இணையதளத்தில் உறுதிமொழிப் பத்திரத்தோடு விண்ணப்பித்தோம். உடல் பரிசோதனை எதுவும் அப்போது கேட்கவில்லை. அந்தச் சான்றிதழை வைத்து ஆதாரில் பெயரை மாற்றினோம். அரசிதழிலும் பெயர் மாற்றம் போட்டோம். பாலிடெக்னிக் சான்றிதழ் மட்டும் இன்னும் பழைய பெயரிலேயே இருக்கிறது. அதற்கு அலைந்துகொண்டிருக்கிறோம். வேலைக்குப் போகிற இடத்தில் ஒவ்வொரு முறையும் இரண்டு காகிதத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

புது ஆதாரோடு ஓ.பி. கவுன்டருக்குப் போன அன்று அவனே வரிசையில் நின்றான், ஆண்கள் வரிசையில். சீட்டில் புதுப் பெயர் அச்சில் வந்தது. அதை அந்த சிஸ்டரிடம் காட்டலாம் என்று மனநலப் பிரிவுக்குப் போனோம். ஓய்வுபெற்றுவிட்டார் என்றார்கள்.

வீட்டில் எப்படி என்று கேட்பீர்கள். என் மாமியாருக்கு 78 வயது. "பொம்பளைப் பிள்ளையா இருந்தா என்ன, ஆம்பளைப் பிள்ளையா இருந்தா என்ன, எனக்குக் காலு பிடிச்சு விடுதுல்ல" என்று முடித்துக்கொண்டார். பெயர்தான் அவருக்கு வாயில் வரவில்லை. 'ராசா' என்று கூப்பிட ஆரம்பித்தார், அவனும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டான். உறவுக்காரர்களில் பாதிப் பேர் விசேஷத்துக்கு எங்களை மட்டும் அழைக்கிறார்கள், அவனைக் கூப்பிடுவதில்லை. அவனைக் கூப்பிடாத வீட்டுக்கு நாங்களும் போவதில்லை.

ஆண்கள் வார்டில் அட்டெண்டர்

மார்பகத்தை அகற்றுகிற அறுவை சிகிச்சைதான் அவன் ரொம்ப நாளாகக் காத்திருந்தது. அதுவரை வெளியே போகும்போதெல்லாம் கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றிக்கொண்டுதான் போவான். விலா எலும்புக்கும் மூச்சுக்கும் கெடுதல், சுற்றவே கூடாது என்று டாக்டர்கள் திட்டினார்கள். நான் உள்ளே கெட்டித் துணி வைத்துத் தளர்வான சட்டைகள் தைத்துக் கொடுத்தேன். ஓரளவு சமாளித்தான்.

மனநலப் பிரிவின் பரிந்துரைக் கடிதத்தோடு பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுக்குப் போனோம். தேதி இரண்டு முறை தள்ளிப்போனது. தீக்காயம், விபத்து என்று அவசர கேஸ் வந்தால் நம்முடையது பின்னால் போய்விடும். 2024 ஜனவரியில் மூன்றாவதாகக் கொடுத்த தேதியில் நடந்தது.

அட்மிஷன் அன்று அடுத்த கேள்வி: எந்த வார்டு? புது ஆதாரில் பெயர் மாறியிருந்தது, பாலினம் 'திருநர்' என்று இருந்தது. தனி அறை எதுவும் காலி இல்லை. "அவரையே கேளுங்க" என்றார் டாக்டர். இவன் ஆண்கள் வார்டு என்றான். மூலையில் ஒரு கட்டில் கொடுத்து, திரை ஒன்று வைத்தார்கள். ஆண்கள் வார்டில் இரவில் பெண் அட்டெண்டர் தங்கக் கூடாது. இத்தனை வருடம் வரிசையில் நின்றது நான். இப்போது வார்டு வாசலோடு என் வேலை முடிந்தது.

அவர் லோடு ஆட்டோவை ஒரு வாரம் நிறுத்திப் போட்டார். கைலி, பாய், பிளாஸ்க்கோடு வந்து இறங்கினார். இந்த மூன்று வருடத்தில் மகனிடம் இதைப் பற்றி அவர் ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை. ஊசி நாளில் பஸ்ஸுக்குக் காசை மேஜைமேல் வைத்துவிட்டுப் போவார், அவ்வளவுதான்.

ஆபரேஷன் முடிந்ததும் நெஞ்சின் இரண்டு பக்கமும் குழாய் வைத்திருந்தார்கள். உள்ளே சேருகிற ரத்தநீர் அதில் வடியும். காலை மாலை அளந்து எழுதிவைக்கச் சொன்னார்கள். டீசல் கணக்கும் லோடு கணக்கும் எழுதுகிற நோட்டில் அவர் அதையும் எழுதினார். இடது 60, வலது 45. மறுநாள் இடது 40, வலது 35. ரவுண்ட்ஸில் டாக்டர் கேட்டால் நோட்டைப் பிரித்துக் காட்டுவார். ஐந்தாம் நாள் இரண்டு பக்கமும் குறைந்து, குழாயை எடுத்தார்கள். ஸ்ட்ரெச்சர் தள்ள நூறு ரூபாய் கேட்ட ஆளிடம் சண்டை போடாமல் கொடுத்ததும், அதையும் அதே நோட்டில் எழுதியதும் அவர்தான்!

பக்கத்துக் கட்டிலில் கை நசுங்கிய ஒரு மில் தொழிலாளி. இரண்டாம் நாள் இரவு, "அண்ணே, இந்தத் தம்பி உங்களுக்கு என்ன வேணும்? என்ன ஆபரேஷன்?" என்று கேட்டிருக்கிறார். என் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தானாம்.

"என் மகன். நெஞ்சுல ஆபரேஷன்" என்றாராம். "சரியாயிரும்ணே" என்றாராம் அந்த ஆள். அவ்வளவுதான் பேச்சு. அவர் வாயிலிருந்து 'மகன்' என்று வந்தது அதுதான் முதல் தடவை. இதை எனக்குச் சொன்னது என் பிள்ளை. அவர் இன்றுவரை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபின் ஒரு மாதம் கையை மேலே தூக்கக் கூடாது என்றார்கள். தலைவழியாக எதையும் போட முடியாது. முன்பக்கம் முழுசாகத் திறக்கிற மாதிரி நாலு சட்டை தைத்துத் தயாராக வைத்திருந்தேன். அளவெடுக்கும்போது டேப்பை நெஞ்சில் சுற்றினேன். முதல்முறையாக முதுகைக் கூனாமல் நிமிர்ந்து நின்றான்.

மருத்துவமனைக் கண்காணிப்பாளர் கொடுத்த சான்றிதழை வைத்து மறுபடி கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பித்து, 'ஆண்' என்று திருத்திய சான்றிதழ் வாங்கியாகிவிட்டது. இன்னும் வேறு அறுவை சிகிச்சைகள் உண்டு. எல்லோரும் எல்லாவற்றையும் செய்துகொள்வதில்லை. இவன் இப்போதைக்கு இது போதும் என்கிறான்.

கேட்கிறவர்களுக்கு...

தாலுகா ஆஸ்பத்திரியில் இதற்கான பிரிவுகள் இருக்காது. மனநலம், நாளமில்லாச் சுரப்பி, பிளாஸ்டிக் சர்ஜரி மூன்றும் இருக்கிற மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் திருநர்களுக்கென்றே தனிப் பிரிவு நடத்துகிறார்கள். நேராக ஹார்மோன் பிரிவுக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள், மனநலப் பிரிவில் ஆரம்பியுங்கள். எந்தக் கிழமை எந்த ஓ.பி. என்று முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ரிசல்ட்டையும் ஒரு ஃபைலில் தேதிவாரியாகப் போட்டுவையுங்கள், டாக்டர் மாறினாலும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது. பிள்ளை 18 வயதுக்குக் கீழே என்றால் ஊசிக்கு அவசரப்படாமல், மனநல மருத்துவரிடம் பேசவாவது கூட்டிப்போங்கள். வீட்டில் பேச முடியாத நிலை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலவசம்.

செலவு எவ்வளவு என்று கேட்டால், மருத்துவத்துக்கு மிகக் குறைவு. பஸ், சாப்பாடு, இரண்டு முறை வெளியே வாங்கிய ஊசி, வார்டில் கொடுத்த சில்லறை, அவர் வண்டி ஓட்டாத ஒரு வாரம். எங்களுக்கு ஆன பெரிய செலவு நாள்கள்தான். என் கணக்கில் மூன்று வருடத்தில் அறுபது நாளுக்கு மேல் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். அரசாங்கம் டாக்டரைக் கொடுக்கும், மருந்தைக் கொடுக்கும். பக்கத்தில் உட்கார ஆளைக் கொடுக்காது, அதை வீடுதான் கொடுக்க வேண்டும்.

இப்போது அவன் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடையில் வேலை பார்க்கிறான். ஊசிக்குத் தனியாகத்தான் போகிறான். ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் நானும் போவேன். அடுத்தது 12-ஆம் தேதி. வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.